அத்தானின் இருபது மில்லி

எங்கள் வேதியியல் துறையின் நடைவழியில் கதவு அகலத்துக்கு ஒரு சட்டம் மாட்டியிருக்கிறார்கள். கண்ணாடிக்குள்ளே புள்ளிகள். வெள்ளைத் தாளில் வெளிர் மஞ்சள் புள்ளிகள், வரிசை வரிசையாக, ஒரே இடைவெளியில். கீழே பித்தளைத் தகட்டில் பேராசிரியரின் பெயர், புள்ளிகளைவிடப் பெரிய எழுத்தில். வருகிற விருந்தாளிகள் எல்லாரும் அதன் முன்னால் நின்று பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்தப் புள்ளிகளை வரவழைத்த மனிதர் அதே நடைவழியில், பத்தடி தள்ளி, எதிர்ச்சுவர் ஓரமாகச் சாவிக்கொத்துகளோடு உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் விருந்தாளிகள் கழிவறை எங்கே என்று கேட்பார்கள். அவரும் எழுந்து நின்று வழி காட்டுவார்.

அவர் என் அக்காவின் கணவர், எனக்கு அத்தான். துறையில் அவருக்குப் பெயர் கஞ்சி. நான் இருபத்திரண்டு வருடமாக அதே துறை அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறேன். பேராசிரியரின் ஒவ்வொரு கட்டுரையும் என் விரல் வழியாகத்தான் வெளியே போனது. ஆகவே யார் உழைத்தார்கள், யார் பெயர் வாங்கினார்கள் என்பதில் என்னிடம் யாரும் கதை விட முடியாது.

அத்தானைப் பற்றிச் சொல்வதானால் முதலில் அவர் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளிர் மஞ்சளும் வெள்ளையும் அவருக்கு ஒன்று. பிறவியிலேயே அப்படி. அக்காவைக் கட்டிய புதிதில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, வெள்ளைச் சட்டை என்று நினைத்து இளமஞ்சளில் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "என்ன அத்தான், சட்டைக்குக் காமாலையா?" என்று கேட்டேன். வீடே சிரித்தது, அவரும் சிரித்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சின்னவளே, இதை வெளியில சொல்லிடாதே. என் வேலைக்கு உலை வெச்ச மாதிரி ஆயிடும்" என்றார்.

அது வெறும் பயம் இல்லை. நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் ஆய்வகத்தில் ரசாயனம் தொடக் கூடாது என்று துறையின் விதிப்புத்தகத்தில் ஒன்பதாவது விதி இருக்கிறது. அந்தப் புத்தகத்தைப் பின்னால் தட்டச்சு செய்ததும் நான்தான். அத்தானை வேலைக்கு எடுத்த நாளில் அயோடின் கரைசல் ஒன்றைக் கொடுத்து, அது தீர்ந்துபோகும் சொட்டைக் கண்டுபிடிக்கச் சொன்னார்களாம். அயோடின் தீரும் நேரத்தில் வெளிர் மஞ்சளாகத்தான் இருக்கும். அவருக்கு அது தண்ணீர். ஆனால் அதில் கொஞ்சம் ஸ்டார்ச் கரைசலை விட்டால் கருநீலமாகிவிடும், எந்தக் கண்ணுக்கும் தெரியும். அந்த நீலம் மறையும் சொட்டில் நிறுத்தினால் முடிந்தது. அத்தான் ஸ்டார்ச்சைத் தாராளமாக விட்டார், சரியான சொட்டில் நிறுத்தினார், வேலை கிடைத்தது.

அன்றிலிருந்து அவருக்கு ஸ்டார்ச்தான் கண். ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் அதைத் தண்ணீரில் காய்ச்சி, வடிகட்டி, ஆறவைத்து, மூடி இறுக்கிய சீசாவில் வைத்துக்கொள்வார். அயோடின் வாடை அடிக்கிற எதிலும் இரண்டு பங்கு, ஐந்து பங்கு என்று ஊற்றுவார். சலவைக்குப் போட வேண்டிய கஞ்சியை ஆய்வகத்தில் ஊற்றுகிறவர் என்று பெயர் வந்தது. ஏன் ஊற்றுகிறார் என்று முப்பது வருடமாக ஒருவரும் கேட்கவில்லை. படித்தவர்கள் நிறைந்த கட்டடம் அது, கேலி செய்ய மட்டும் நேரம் இருந்தது.

மற்றபடி அவர் சாது. வீட்டில் தண்ணீர்க் குவளையை மூன்று முறை அலசிக் கவிழ்த்து வைப்பார், ஆய்வகப் பழக்கம். அக்கா என்ன கத்தினாலும் "சரி விடு" என்பார். அந்த இரண்டு வார்த்தைக்காகவே எனக்கு அவர் மேல் எரிச்சல். தன்னை மிதித்துக்கொண்டு போகிறவனின் செருப்பு அழுக்காகிவிடுமே என்று கவலைப்படுகிற ஆளை எப்படி மதிப்பது?

இனி பேராசிரியர். நான் அவருக்கு வைத்த பெயர் மாநாடு. வருடத்தில் பாதி நாள் மாநாட்டில் இருப்பார், மீதிப் பாதி மாநாட்டுக்குப் போய்வந்த களைப்பில் இருப்பார். பத்து வருடமாக அவர் ஒரே விஷயத்தைத்தான் துரத்தினார். கண்ணாடித் தட்டுக்குள் இருக்கிற ரசாயனம் யாரும் வரையாமலே கோலம் போடும் என்று யாரோ எப்போதோ கணக்கில் காட்டியிருக்கிறார்களாம். அதைக் கண்ணால் காட்டினால் பெரிய பெயர்.

கட்டுரைகளைத் தட்டச்சு செய்தே எனக்கு அந்தச் சமாச்சாரம் மனப்பாடம். இரண்டு சரக்கு வேண்டும். ஒன்று தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும். இன்னொன்று அதை அடக்கும். அடக்குவது வேகமாகப் பரவ வேண்டும், பெருகுவது மெதுவாகப் பரவ வேண்டும். அப்போது பெருகுவது எங்கும் பரவ முடியாமல் அங்கங்கே புள்ளியாகச் சிக்கி நிற்கும். எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அக்காவின் கோபம் பெருகுகிற சரக்கு. அத்தானின் "சரி விடு" அதைவிட வேகமாக எல்லா அறைக்கும் போய்விடும். அதனால் கோபம் சமையலறையிலேயே ஒரு புள்ளியாக நின்றுவிடும். இதைப் புரிந்துகொள்ள மாநாடுக்குப் பத்து வருடமும் நாற்பது விமானச் சீட்டும் தேவைப்பட்டன.

இதற்கான கருவியை அத்தான்தான் தினமும் பூட்டுவார். அகர் தூளைக் காய்ச்சி, இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஊற்றி, உறைந்ததும் வட்டமாக வெட்டுவார். இரண்டு காசை அடுக்கினால் என்ன கனமோ அவ்வளவுதான் அந்த ஜெல் வட்டு. அதை இரண்டு சிறு தொட்டிகளுக்கு நடுவே செருகி, ஒரு பக்கம் அயோடின் உப்புக் கரைசலும் மறுபக்கம் குளோரைட் என்கிற சரக்கும் ஒரு பம்பு வழியாக ஓடிக்கொண்டே இருக்கும்படி வைப்பார். இரண்டும் ஜெல்லுக்குள் ஊறி நடுவில் சந்திக்கும். அயோடின் பக்கத்துச் சரக்கு பெருகும், குளோரைட் அடக்கும். ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில் ஓடியதால் ஒரு கோலமும் வரவில்லை. வட்டு முழுவதும் ஒரே நிறமாகும், அவ்வளவுதான். மாநாடு எழுதிக்கொடுத்த செய்முறையில், நிறம் தெரிவதற்காக இரண்டு மில்லி ஸ்டார்ச் கரைசல் என்று இருந்தது. அவ்வளவு மெல்லிய ஜெல்லில் இரண்டு மில்லி காட்டுகிற நீலம் அத்தானுக்குப் போதவில்லை. வட்டு நிறம் மாறிவிட்டதா என்று ஒவ்வொரு நாளும் யாரையாவது சாக்குச் சொல்லிக் கூப்பிட்டுத் தெரிந்துகொள்வார். ஒரு திங்கட்கிழமை, மாநாடு ஊரில் இல்லாதபோது, அவருக்கே அலுத்துவிட்டது. இரண்டுக்குப் பதிலாக இருபது மில்லி ஊற்றி ஜெல்லை உறைய வைத்தார்.

மதிய உணவு இடைவேளையில் என் மேசைக்கு வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"சின்னவளே, ஒரு நிமிஷம் வா. நீ பாத்துச் சொல்லு. எனக்குத் தெரியறது உனக்கும் தெரியுதான்னு பாக்கணும்."

போய்ப் பார்த்தேன். வட்டுக்குள் கருநீலப் புள்ளிகள். தேன்கூட்டில் அறைகள் இருப்பதைப்போல ஒழுங்காக.

"தெரியுது அத்தான். புள்ளி புள்ளியா இருக்கு."

"நகருதா?"

"இல்ல."

"ரெண்டு மணி நேரமா நகரல" என்றார். அவர் முகத்தை நான் அப்படி அதற்கு முன்னால் பார்த்ததில்லை. முதல் குழந்தை பிறந்தபோதுகூட அவ்வளவு சந்தோஷப்பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

பிறகு பதிவேட்டைத் திறந்தார். ஸ்டார்ச் என்ற கட்டத்தில் இருபது என்று எழுதப் போனார். நான் அவர் கையைப் பிடித்தேன். "இருபதுன்னு எழுதினா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு கேட்டா கண்ணு விஷயம் வெளிய வரும். ரெண்டுன்னே எழுதுங்க. நிறத்துக்குப் போடற கஞ்சிதானே, அதுல என்ன வந்துடப் போவுது?" என்றேன். இரண்டு நிமிடம் யோசித்தார். இரண்டு என்று எழுதினார். எல்லாம் தெரிந்தவள்போல நான் சொன்ன யோசனை அது. அந்தத் துறையில் இருந்த முட்டாள்களின் பட்டியலைப் போட்டால் முதல் பெயர் என்னுடையதாக இருக்க வேண்டும்.

மாநாடு வந்தார், பார்த்தார், குதித்தார். ஒரே மாதத்தில் கட்டுரை போனது. அதில் இரண்டு மில்லி என்றுதான் நானே அடித்தேன். எட்டு மாநாடுகள், மாலைகள், பேட்டிகள். மாணவர்கள் வட்டு பூட்டினால் புள்ளி வராது, அத்தான் பூட்டினால் வரும். அத்தான் கமுக்கமாக இருபதை ஊற்றிக்கொண்டிருந்தார். "கஞ்சிக்குக் கைராசி" என்று மாநாடு தோளில் தட்டுவார். ஒரு விஞ்ஞானி வாயில் கைராசி! அதற்கு மேல் அவருக்கு ஒரு கேள்வியும் எழவில்லை.

ஒரு வருடம் கழித்துக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. வெளியூர் ஆய்வகங்கள் செய்முறையை அப்படியே செய்து பார்த்திருக்கின்றன. எங்கும் ஒரு புள்ளியும் வரவில்லை. முதலில் மரியாதையாகக் கேட்டார்கள், பிறகு மரியாதை இல்லாமல் கேட்டார்கள், கடைசியில் படமே பொய் என்று ஒருவர் அச்சிலேயே எழுதிவிட்டார். மாநாடு தன் கையால் ஒரு வாரம் வட்டு பூட்டிப் பார்த்தார். வெறும் வட்டுதான் கிடைத்தது. அன்று மாலையே என்னை உள்ளே கூப்பிட்டு ஒரு குறிப்பைச் சொல்லச் சொல்ல அடிக்கச் சொன்னார். ஆய்வக உதவியாளரின் கவனக்குறைவால் அசுத்தம் கலந்திருக்கலாம், அல்லது அவர் வேண்டுமென்றே ஏதோ செய்திருக்கலாம், தான் அவரை முழுமையாக நம்பிவிட்டதாக. முந்தின வாரம்வரை கைராசி, அன்றைக்கு அசுத்தம். அவ்வளவு சுத்தமாக ஒருவர் கைகழுவி நான் பார்த்ததில்லை, அதுவும் சோப்பே இல்லாமல்.

"இவர் உங்க சொந்தக்காரர் இல்ல?" என்று இடையில் கேட்டார்.

"ஆமா சார்."

"ஐயோ பாவம். அடுத்த பத்தி" என்றார்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "உள்ளதைச் சொல்லிடுங்க. இருபது ஊத்தினேன்னு சொல்லுங்க, முடிஞ்சது" என்றாள்.

"ஏன் ஊத்தினேன்னு கேப்பாங்களே."

"கண்ணு தெரியலன்னு சொல்லுங்க."

"சொன்னா மறுநாளே மேசையை விட்டு எழுப்பிடுவாங்க" என்றார் அத்தான். "சொல்லலன்னா, புள்ளி பொய்யின்னு ஆயிடும்."

அதுதான் விஷயம். சொன்னால் மேசை போகும், சொல்லாவிட்டால் புள்ளி போகும். எனக்கு மேசைதான் பெரிதாகத் தெரிந்தது. "புள்ளி போனா போகட்டும் அத்தான், அது என்ன உங்க சொந்தப் புள்ளியா? அந்த ஆளோட பேர்தானே நாறும்?" என்றேன். வழக்கம்போல "சரி விடு" என்பார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. குவளையை எடுத்து மூன்று முறை அலசிக் கவிழ்த்தார்.

விசாரணைக்கு வேறொரு நிறுவனத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். குட்டையான உருவம், மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றிக்கு மேலே இன்னொன்று. அவரும் வேதியியல்காரர். மாநாடு காட்டிய பளபளப்பான படங்களை ஒதுக்கி வைத்துவிட்டுப் பதிவேட்டைக் கேட்டார். "இதுல இருக்கிறபடியே என் கண்ணு முன்னாடி பூட்டுங்க" என்றார். நடப்பதை அப்படியே பதிவு செய்ய என்னை ஒரு மூலையில் உட்கார வைத்தார்கள்.

அத்தான் வெள்ளைக் கோட்டில் நின்றார். அக்கா காலையில் தேய்த்துக் கொடுத்தது. அகர் காய்ச்சித் தயாராக இருந்தது. ஸ்டார்ச் சீசாவைத் திறந்தார். இரண்டு மில்லி உறிஞ்சினார். அப்படியே நின்றுவிட்டார்.

"நோட்டுப்படி ஊத்து கஞ்சி, அம்மாவுக்கு நேரமாகுது" என்றார் மாநாடு.

அத்தான் அவரைப் பார்க்கவில்லை. அந்த அம்மாளைப் பார்த்தார். "நோட்டுல இருக்கிறது பொய்ங்க. ரெண்டு இல்ல, இருபது. முதல் நாள்லேர்ந்தே இருபதுதான் ஊத்தறேன்."

"எதுக்கு அவ்வளவு?"

"எனக்கு வெளிர் மஞ்சள் தெரியாதுங்க. பிறவிக் குறை. இருபது ஊத்தினாத்தான் என் கண்ணுக்கு எட்டும்."

என் விரல்கள் நின்றுவிட்டன. "ஏம்மா நிறுத்திட்டீங்க? எழுதுங்க" என்றார் அந்த அம்மாள். எழுதினேன். என் அத்தானின் கண்ணை என் கையாலேயே அடித்தேன்.

"மாத்தி எழுதச் சொன்னது யாரு? பேராசிரியரா?"

மாநாடுக்கு வியர்த்தது. எனக்கும் வியர்த்தது.

"யாரும் சொல்லல. நானாத்தான் எழுதினேன்" என்றார் அத்தான்.

மூலையில் உட்கார்ந்திருந்த நான் வாயைத் திறக்கவில்லை. கட்டடத்தில் இருக்கிற எல்லாருக்கும் பட்டப்பெயர் வைக்கிற வாய் இது. 'நானாத்தான் எழுதினேன்' என்பதைப் பிழையில்லாமல் அடித்து முற்றுப்புள்ளி வைத்தேன்.

அந்த அம்மாள் இரண்டு வட்டு பூட்டச் சொன்னார், ஒன்றில் இரண்டு மில்லி, ஒன்றில் இருபது. மதியத்துக்குள் இருபதில் புள்ளிகள் வந்தன. இரண்டில் ஒன்றுமில்லை. அவர் மூக்கில் இருந்த கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் இருந்ததை இறக்கிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு சத்தமாகவே சிரித்தார். "ஸ்டார்ச் நிறத்துக்கு மட்டும் இல்ல. அயோடினைப் பிடிச்சு வெச்சிக்குது. ஸ்டார்ச்சால ஜெல்லுக்குள்ள நகர முடியாது, அதனால அயோடினும் ஓட முடியல. பெருகறதோட காலைக் கட்டிப்போட்டிருக்கீங்க. பத்து வருஷமா எல்லாரும் தேடினது இதைத்தான்" என்று அத்தானிடம் சொன்னார். மாநாடிடம் அல்ல, அத்தானிடம். அத்தான் தலையாட்டினார். "அப்ப புள்ளி நிஜம்தானுங்களா?" என்று கேட்டார். "நிஜம்தான்" என்றார் அவர். அத்தானுக்குக் கண் கலங்கியது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அறிக்கையில் மூன்று முடிவுகள் இருந்தன. புள்ளிகள் உண்மை. காரணம் ஸ்டார்ச். பதிவேட்டில் எழுதியது தவறு. முதல் இரண்டையும் மாநாடு எடுத்துக்கொண்டார், மூன்றாவதை அத்தானுக்குக் கொடுத்தார். அந்த அம்மாள் ஊருக்குப் போன மறுவாரம் இரண்டு தாள்களை என்னிடம் தந்தார். ஒன்று, மெல்லிய ஜெல்லில் ஸ்டார்ச்சின் பங்கு பற்றித் தாம் கண்டுபிடித்ததாக ஒரு கட்டுரை. கடைசி வரியில் ஆய்வக ஊழியர்களுக்கு நன்றி. ஊழியர்களுக்கு! ஒரே ஆளுக்குச் சேர வேண்டியதைக் கூட்டத்துக்குப் பிரித்துக் கொடுத்தால் யாருக்கும் கிடைக்காது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். இன்னொன்று, ஒன்பதாவது விதிப்படி, பாதுகாப்பு நலன் கருதி, மேற்படி உதவியாளர் சாவி மேசைக்கு மாற்றப்படுகிறார் என்ற உத்தரவு. இரண்டையும் ஒரே காலையில் அடித்து முடித்தேன். நான் வேலையில் சுறுசுறுப்பு என்று எல்லாரும் சொல்வார்கள்.

சட்டம் வந்தது அதற்குப் பிறகுதான். நடைவழிக்குப் புதுச் சாயம் பூசினார்கள். கருநீலம் அந்தச் சுவருக்கு எடுபடவில்லை, கனமாக இருக்கிறது என்று மாநாடு முகம் சுளித்தார். அச்சுக்காரன் நிறத்தை மாற்றி, வெள்ளையில் வெளிர் மஞ்சளாக அடித்துக் கொடுத்தான். "இப்பத்தான் கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு" என்றார் மாநாடு.

மாட்டிய மறுவாரம், மதியத்தில், சாவி மேசை வழியாகப் போனேன். அத்தான் எதிர்ச்சுவரில் இருந்த சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்னவளே, சட்டம் மாட்டி ஒரு வாரம் ஆகுது. எப்பத்தான் படம் வெக்கப் போறாங்க? எல்லாரும் வெறும் தாளுக்கு முன்னாடி நின்னு ஃபோட்டோ எடுத்துக்கறாங்க."

சீக்கிரம் வைத்துவிடுவார்கள் அத்தான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. எனக்கு அப்படிப்பட்ட யோசனைகள் சட்டென்று வரும். விழுங்கினேன்.

"வெச்சாச்சு அத்தான். உங்க புள்ளிதான். மஞ்சள்ல அடிச்சிட்டாங்க."

அவர் கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"முதல் நாள் வந்ததுதானா அது? அப்பன்னா குறுக்கே பதினேழு இருக்கணும். எண்ணிச் சொல்லு."

போய்ச் சட்டத்தின் முன்னால் நின்று விரலை வைத்து எண்ண ஆரம்பித்தேன். ஒன்பதில் இருந்தபோது பின்னால் செருப்புச் சத்தம். மாநாடு, கூட நான்கு விருந்தாளிகள்.

"பாருங்க, எங்க ஆபீஸ் ஸ்டாஃப் கூட ரசிக்கிறாங்க" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, எனக்கும் சட்டத்துக்கும் நடுவே வந்து நின்றார். "அழகா இருக்கு இல்லம்மா?"

"தள்ளி நில்லுங்க சார்" என்றேன், நடைவழி முழுக்கக் கேட்கும்படி. "இதைக் கண்டுபிடிச்சவர் அங்க உக்காந்திருக்கார். அவருக்குத் தெரியற நிறத்துல நீங்க அடிக்கல. நான் எண்ணிச் சொல்லணும்."

விருந்தாளிகள் நான்கு பேரும் சாவி மேசைப் பக்கம் திரும்பினார்கள். அத்தான் பதறிப்போய் எழுந்து நின்றார், கழிவறைக்கு வழி கேட்கிறார்கள் என்று நினைத்து. நான் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்.